தம்பி ஜெயிலில் இருக்கிறான், வெளியே இருக்கும் நாங்கள் என்ன செய்வது?

பொன்வண்டு · ஜூன் 4, இரவு 11.40

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்களிடம் கேட்க முடியவில்லை. கேட்டால் பதிலுக்கு முன்னால் உச்சுக்கொட்டல்தான் வருகிறது. அதனால் இங்கே கேட்கிறேன்.

என் தம்பிக்கு 24 வயது. எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் இரண்டு தெருப் பையன்களுக்குள் தகராறு. ஒருவருக்குத் தலையில் பலத்த அடி, இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். கொலை முயற்சி வழக்குப் போட்டு நாலு பேரை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். இன்றோடு 19 நாள். தம்பி அடித்தானா என்றால், அடித்திருக்கிறான். அதை மூடி மறைக்க நான் வரவில்லை.

அப்பா இல்லை. அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். நான் திருப்பூரில், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு.

போன வாரம் முதல் தடவை மனு பார்க்க, அதாவது ஜெயிலில் அவனைச் சந்தித்துப் பேச, போனேன். ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலையில் இறங்கி, ஜெயில் வாசலில் வரிசையில் நின்றேன். அவனுக்குப் பிடிக்கும் என்று புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தேன். வீட்டுச் சாப்பாடு உள்ளே போகாது என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். உள்ளே போனால் ஒரு கம்பி வலை, நடுவில் இடைவெளி, அதற்கு அப்பால் இன்னொரு கம்பி வலை. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அவன் என்னைத் தேடிக்கொண்டே வலை ஓரமாக நகர்ந்து வந்தான். மீசையை எடுத்திருந்தான். "சாப்பிட்டியா" என்று கேட்டேன். அவன் "அம்மா வரலையா" என்றான். நான் மறுபடியும் "சாப்பிட்டியா" என்றே கேட்டேன். வேறு வார்த்தையே வரவில்லை. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்தப் புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே திருப்பூர் வரை வந்தேன்.

என்ன கொண்டுபோகலாம், எவ்வளவு பணம் கட்டலாம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை போவது, எதுவுமே தெரியவில்லை. ஊரில் ஒருவர் 30,000 ரூபாய் கொடுத்தால் உள்ளே நல்ல இடமாகப் பார்த்துப் போடச் சொல்கிறேன் என்கிறார். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, ஜெயிலுக்கு வரவும் மாட்டேன் என்கிறாள். என் பையனுக்கு எட்டு வயது. மாமா எங்கே என்று தினமும் கேட்கிறான். இந்த வழியில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்கரை · ஜூன் 5, காலை 6.15

தங்கச்சி, என் மகன் 14 மாதம் விசாரணைக் கைதியாக இருந்து வெளியே வந்தவன். அந்தப் பொட்டலத்தை நானும் மடியில் வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். உன் மனசு எனக்குத் தெரியும்.

முதலில் அந்த 30,000 ரூபாய். கொடுக்காதே. அந்த ஆள் உள்ளே யாரையும் பார்க்கப்போவதில்லை, உன்னைத்தான் மறுபடி மறுபடி பார்க்க வருவான். பணம் கட்டுவதென்றால் ஜெயிலில் உன் தம்பி பெயரிலேயே கணக்கு இருக்கும், முறையாக அதில் கட்டு, ரசீது வாங்கு. அதை வைத்து அவன் உள்ளே கேண்டீனில் சோப்பு, பிஸ்கட், எண்ணெய் என்று வாங்கிக்கொள்வான். கையில் அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம். நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் சுற்றி இருப்பவர்கள் தொல்லை அதிகமாகும். மாதா மாதம் ஒரே அளவாகக் கட்டு.

மனு நாட்கள் விசாரணைக் கைதிக்கு வேறு, தண்டனைக் கைதிக்கு வேறு. என்ன பொருள் உள்ளே போகும் என்பதும் ஜெயிலுக்கு ஜெயில் மாறும். புழலில் விட்டதைப் பாளையங்கோட்டையில் விடமாட்டார்கள். கிளம்புவதற்கு முன்னால் போன் செய்து கேட்டுக்கொள். ஆதார் ஒரிஜினலும் ஜெராக்ஸும் எடுத்துக்கொள். வக்கீல் பெயர், வழக்கு நம்பர், அடுத்த வாய்தா தேதி மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள். அந்தச் சத்தத்தில் எல்லாம் மறந்துபோகும். என்ன பேச வேண்டும் என்பதையும் நாலு வரியாக எழுதிக்கொண்டு போ. முதலில் உடம்பு, அப்புறம் வழக்கு, அப்புறம் வீட்டுச் செய்தி. கடைசி ஒரு நிமிடம் எதுவும் கேட்காமல் அவனைப் பேச விடு.

திருப்பூரிலிருந்து வாராவாரம் வரமுடியாது. இ-முலாகாத் என்று அரசு இணையதளம் இருக்கிறது. அதில் பதிவு செய்தால் வீடியோவில் பேசலாம். போனுக்கு ஓடிபி வரும், அடையாள அட்டை நம்பர் கேட்கும், ஜெயிலில் ஒத்துக்கொண்டால் நாளும் நேரமும் சொல்வார்கள். தெரிந்த யாரையாவது உட்கார வைத்துச் செய்துகொள்.

முசிறிக்காரன் · ஜூன் 5, காலை 8.02

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். "ஜெயிலிலிருந்து பேசுகிறேன், உங்கள் பையனுக்கு அடிபட்டுவிட்டது, கூகுள் பேயில் உடனே அனுப்புங்கள்" என்று போன் வரும். எங்களுக்கு இரண்டு தடவை வந்தது. பையன் பெயர், ஊர், வழக்கு எல்லாம் சரியாகச் சொல்வார்கள். போனை வைத்துவிட்டு, ஜெயில் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் அம்மாவிடம் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

கறுப்பு அங்கி · ஜூன் 5, இரவு 9.30

சகோதரி, நான் கிரிமினல் பக்கம் வழக்கு நடத்துகிறவன். உங்கள் வழக்குக் கட்டைப் பார்க்காமல் கருத்துச் சொல்லக் கூடாது. ஆனால் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில இருக்கின்றன.

ரிமாண்ட் ஆன தேதியை ஒரு காலண்டரில் வட்டமிட்டு அங்கிருந்து எண்ணுங்கள். ரிமாண்ட் செய்த அந்த நாளும் கணக்கில் சேரும். கொலை முயற்சியில் காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம் என்பதால், போலீஸ் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். சின்ன வழக்குகளுக்கு 60 நாள். அதற்குள் தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. ஆனால் அது தானாகக் கையில் வந்து விழாது. அவர்கள் தாக்கல் செய்வதற்கு முன்னால் நம் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் அசந்ததில் இந்த வாய்ப்பு போன வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வக்கீலுக்கு 85ஆவது நாளே நினைவுபடுத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதற்கு முன்னாலேயே செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் கேட்பார்கள். தள்ளுபடி ஆனால் உயர் நீதிமன்றம், தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. தள்ளுபடி ஆகிவிட்டதே என்று அம்மா உடைந்துவிடக் கூடாது. காயம்பட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை கீழ்க்கோர்ட் பெரும்பாலும் கொடுக்காது.

ஜாமீன்தாரர்களை இப்போதே தேடி வையுங்கள். இரண்டு பேர் கேட்பார்கள், அதில் ஒருவர் ரத்த சம்பந்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வருவது சகஜம். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது தயாராக இருக்கட்டும். ஜாமீன் கிடைத்தும் ஷூரிட்டி கொடுக்க ஆளில்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் பலர். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்காகவே உத்தரவு போட்டிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வரவில்லை என்றால், ஜெயில் சூப்பிரண்டு அதை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் அதே 2023இல் வந்தது, அப்போது 40,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். சில கடுமையான சட்டங்களில் கைதானவர்களுக்கு அது பொருந்தாது.

வக்கீல் பீஸ் கட்ட முடியவில்லை என்றால் கடன் வாங்காதீர்கள். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கோர்ட் வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற நம்பரிலும் கேட்கலாம்.

அரசமரத்தடி · ஜூன் 5, இரவு 10.48

வக்கீல் சார், இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகன் ரிமாண்டில் இருக்கும்போதே குண்டாஸ் போட்டுவிட்டார்கள். இனி ஒரு வருடம் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே, உண்மையா?

கறுப்பு அங்கி · ஜூன் 5, இரவு 11.20

உண்மையில்லை ஐயா. அது விசாரணை இல்லாமலே அடைத்து வைக்கும் தடுப்புக்காவல் சட்டம், 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாட்டுச் சட்டம். அதிகபட்சம் ஒரு வருடம் வைக்கலாம் என்பதுதான் கணக்கு, வைத்தே தீர வேண்டும் என்றில்லை. ஏன் அடைத்தோம் என்று காரணங்கள் எழுதிய புத்தகம் ஒன்றை ஐந்து நாளுக்குள் மகனிடம் கொடுத்திருக்க வேண்டும். அதை முதலில் வாங்கிப் பாருங்கள். படிக்க முடியாத நகல், அவருக்குத் தெரியாத மொழியில் இருக்கும் பக்கம் என்று எதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அரசுக்கு முறையீடு அனுப்புங்கள். அடைத்தது சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் உங்கள் மகனை வரச்சொல்லும் நாளில் குடும்பத்தினரும் போங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். இந்த மாதிரிக் குறைகளால் ரத்தான உத்தரவுகள் ஏராளம்.

மூன்றாம் பிளாக் · ஜூன் 7, இரவு 1.05

எல்லாரும் வெளியே இருந்து சொல்கிறீர்கள். நான் உள்ளே இருந்தவன். 11 மாதம். வழக்கில் விடுதலை ஆனேன், ஆனால் அந்த 11 மாதம் திரும்பி வராது.

அக்கா, நீங்கள் "சாப்பிட்டியா" என்று இரண்டு தடவை கேட்டதற்காக வருத்தப்படாதீர்கள். உங்கள் தம்பி அன்று பிளாக்குக்குத் திரும்பிப் போய் என்ன சொல்லியிருப்பான் தெரியுமா? "எங்கக்கா திருப்பூர்ல இருந்து வந்துச்சு" என்று எல்லாரிடமும் சொல்லியிருப்பான். மனு நாளில் பெயர் கூப்பிடும்போது பிளாக்கே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். பெயர் வராதவர்கள் அன்று முழுக்கப் பேச மாட்டார்கள். பத்து நிமிடம் என்ன பேசினோம் என்பது முக்கியமில்லை. பெயர் வந்ததுதான் முக்கியம்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "அடுத்த வாரம் ஜாமீன் வந்துடும்" என்று சொல்லாதீர்கள். என் மாமா அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார், என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். நான் நம்பி, என்னிடம் இருந்த சோப்பு, துண்டு, பக்கெட் எல்லாவற்றையும் பக்கத்தில் படுக்கும் ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டேன். வெளியே போகிறவன் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். ஜாமீன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவரே, நான் கேட்காமலே, துண்டை மடித்து என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அழுத மாதிரி கைதான அன்றுகூட நான் அழவில்லை. தெரிந்த தேதியை மட்டும் சொல்லுங்கள். "14ஆம் தேதி விசாரணைக்கு வருது" என்றால் அதோடு நிறுத்துங்கள்.

கடிதம் எழுதுங்கள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று நினைக்காதீர்கள். மனு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், கடிதம் தலையணைக்கடியில் இருக்கும். சாயங்காலமே லாக்கப் அடைத்துவிடுவார்கள். அதிலிருந்து விடியும்வரை உள்ள நேரம்தான் ஜெயில். என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாப்பாவிடம் சொல்லி எழுத வைத்தாள். "செவலை கன்னு போட்டுச்சு, கிடாரி. மழை இல்லை. மோட்டார் ரிப்பேர், 1,800 ரூபாய் ஆச்சு." அவ்வளவுதான். ஓரத்தில் மஞ்சள் கறையோடு அவள் கட்டைவிரல் பட்ட அடையாளம். அந்த இன்லேண்ட் லெட்டரை மடிப்பில் கிழிகிற வரைக்கும் படித்தேன். எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் வழக்கைப் பற்றி, மற்றவர்களைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். மாடு, மழை, பையன் வாங்கிய மார்க், பக்கத்து வீட்டுக் கல்யாணம், இதையெல்லாம் எழுதுங்கள்.

உள்ளே நூலகம் இருக்கிறது. படிப்பும் இருக்கிறது, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை உள்ளே இருந்தே எழுதுகிறார்கள். நான் அங்கேதான் முதல் முறையாக ஒரு நாவலை முழுதாகப் படித்தேன். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே "கூண்டுக்குள் வானம்" என்று அரங்கு வைத்துக் கைதிகளுக்காகப் புத்தகம் வாங்கினார்கள். நான் போய் மூன்று புத்தகம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாசற்கோலம் · ஜூன் 7, பிற்பகல் 3.10

என் வீட்டுக்காரர் ஆயுள் தண்டனை, ஒன்பது வருடம் ஆகிறது. பையனிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகளிடம் அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொன்னோம். ஏழு வயது வரை நம்பினாள். ஒரு நாள் பள்ளிக்கூட வேனில் ஒரு பையன் உடைத்துச் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பா அனுப்பியது என்று நாங்கள் வாங்கிக் கொடுத்திருந்த பொம்மைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டாள். அப்பா ஜெயிலில் இருப்பதைவிட நான் பொய் சொன்னதுதான் அவளுக்கு வலித்தது. எட்டு வயதுப் பையனுக்குப் புரியும். "மாமா சண்டையில் ஒருத்தரை அடிச்சுட்டாங்க, அது தப்பு, அதனால ஜெயில்ல இருக்காங்க, உன் மேல பாசம் அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். வெளியே யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

நீண்ட காலம் இருக்கப்போகிறவர்களின் வீட்டினருக்கு ஒன்று. பரோல் என்று நாம் சொல்வது 1982ஆம் ஆண்டு விதிகளின்படி தண்டனைக் கைதிகளுக்குக் கிடைக்கும் விடுப்பு. அவசர விடுப்பு தனி, சாதாரண விடுப்பு தனி. பெற்றோர், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தோர் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு கேட்கலாம். என் மாமனார் இறந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி ஜெயிலுக்கு ஓடினேன். போலீஸ் காவலோடு வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனார். சாதாரண விடுப்புக்கு நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அக்கம்பக்கத்தாரிடமும் கேட்பார். அதனால் தெருவில் யாரோடும் பகை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு செப்டம்பர் 15ஆம் தேதிக்கு முன்னாலும் எனக்குத் தூக்கம் போய்விடும். அண்ணா பிறந்த நாளுக்கு ஆயுள் கைதிகளை விடுவார்கள். 2008இல் நூற்றாண்டுக்கு 1,405 பேரை விட்டார்கள். ஒன்பது செப்டம்பர் போய்விட்டது. பேரறிவாளனின் அம்மா அற்புதம்மாள் மகன் விடுதலைக்காக 31 வருடம் நடந்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

செம்மண் · ஜூன் 8, காலை 7.45

எல்லாரும் ஆறுதல் சொல்லிவிட்டீர்கள். நான் வேறு பக்கம் நிற்கிறவன். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு திருவிழாச் சண்டையில் என் அண்ணனின் மண்டையை உடைத்தார்கள். இன்றும் இடது கை சரியாக எழும்பாது. அடித்தவர்களின் வீட்டிலிருந்து ஒருவர்கூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. அவர்கள் ஜாமீனில் வந்த அன்று பட்டாசு வெடித்தார்கள். பொன்வண்டு, உங்கள் தம்பி அடித்தான் என்று ஒப்புக்கொண்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

பொன்வண்டு · ஜூன் 8, இரவு 10.30

அண்ணா, நீங்கள் எழுதியதைக் காலையில் கம்பெனியில் படித்தேன். அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. அவருக்கு அக்கா இல்லை, தங்கை இருக்கிறாள். எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். தினமும் அவள் முகம்தான் வருகிறது. போய்க் காலில் விழலாமா என்று அம்மாகூடக் கேட்டாள்.

கறுப்பு அங்கி · ஜூன் 8, இரவு 11.15

செம்மண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சகோதரி, இப்போது நேரே போகாதீர்கள். நல்ல மனதோடு போனாலும் சாட்சியை மிரட்ட வந்தார்கள், சமாதானம் பேச வந்தார்கள் என்று ஆகிவிடும், ஜாமீனும் கெடும். மருத்துவச் செலவுக்கு ஒரு தொகையை நீதிமன்றத்தின் மூலமாகவே கட்டத் தயார் என்று ஜாமீன் மனுவில் சொல்ல முடியும். உங்கள் வக்கீலிடம் பேசுங்கள். அப்புறம், தம்பி வெளியே வரும் அன்று பூமாலை, வேட்டு எதுவும் வேண்டாம் என்று அவன் நண்பர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

செம்மண் · ஜூன் 9, காலை 6.20

கேட்டதே போதும் தங்கச்சி. எங்களிடம் யாரும் கேட்கக்கூட இல்லை.

தாமிரபரணிக்கரை · ஜூன் 9, காலை 6.50

அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவள் சாப்பிடாமல் இருப்பது, பிள்ளை என்ன சாப்பிடுகிறானோ என்ற நினைப்பில். நானும் ஆறு மாதம் அப்படி இருந்து, சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தேன். என்னைப் பார்க்க முடியாமல் மகன் உள்ளே கிடந்து தவித்தான். ஜெயிலுக்கு வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. அந்த வாசலில் நிற்கத் தைரியம் வர நாள் ஆகும். முதலில் அவளை ஒரு கடிதம் சொல்லச் சொல், நீ எழுது.

பொன்வண்டு · ஜூலை 14, இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். இன்றோடு 59 நாள். செஷன்ஸ் கோர்ட்டில் தள்ளுபடி. மதுரையில் மனு போட்டிருக்கிறோம், மருத்துவச் செலவுக்குப் பணம் கட்டுகிறோம் என்று அதில் சேர்த்திருக்கிறது. என் ஒரு பவுன் செயினை அடகு வைத்தேன், அம்மா ஆட்டை விற்றாள். ஆஸ்பத்திரியில் இருந்தவர் வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

பையனிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அடிபட்ட அண்ணனுக்கு வலிக்குமா" என்று கேட்டான். அப்புறம் மாமாவுக்கு என்று ஒரு படம் வரைந்து கொடுத்தான், அதைக் கடிதத்தோடு அனுப்பினேன்.

அம்மா சொல்லச் சொல்ல மூன்று கடிதம் எழுதியாகிவிட்டது. போன வாரம் அவனிடமிருந்து பதில் வந்தது. "முருங்கை மரத்துல கம்பளிப்பூச்சி ஏறியிருக்கும், அம்மாவ பக்கத்துல போக வேணாம்னு சொல்லு" என்று எழுதியிருந்தான். அம்மா அந்த வரியை மட்டும் என்னை நாலு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை மனு. அம்மாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

தாமிரபரணிக்கரை · ஜூலை 14, இரவு 10.20

அம்மாவின் மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள் தங்கச்சி. இரண்டு வலைக்கு அப்பால் முகம் சரியாகத் தெரியாது.